வைரம் பாய்ந்த கேள்விகள்

அயல்நாட்டு மரங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம். பட்டறையில் உளி பிடிப்பவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள், மாணவர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்திருக்கிறோம்.

மரம் என்றால் மிதக்கும் என்றுதான் படித்தோம். தண்ணீரில் மூழ்கும் மரமும் உண்டு என்கிறார் எங்கள் ஆசிரியர். அது எப்படி? வீட்டில் சோதித்துப் பார்க்க முடியுமா?
(பள்ளி மாணவி, விருதுநகர்)

உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. கட்டையின் செல் சுவர் எந்தப் பொருளால் ஆனதோ, அது எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்று துளியும் இல்லாமல் அந்தப் பொருளை மட்டும் எடுத்தால் ஒரு கன செ.மீ. சுமார் 1.5 கிராம் இருக்கும். அதாவது தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. முருங்கைக்கும் இதே கணக்கு, தேக்குக்கும் இதே கணக்கு. கட்டையை மிதக்க வைப்பது செல்களுக்குள் இருக்கும் வெற்றிடம். உலர்ந்த பால்சா கட்டையில் பெரும்பகுதி வெற்றிடம்தான், அதனால் ஒரு கன செ.மீ. 0.12 முதல் 0.2 கிராம் வரைதான் வரும். தேக்கு சுமார் 0.65. ஆப்பிரிக்கக் கருமரமும் மேற்கிந்தியத் தீவுகளின் லிக்னம் விட்டேயும் 1.2 அளவில் நிற்கின்றன. இவற்றில் செல் சுவர் தடிமன், இருக்கிற கொஞ்சம் இடத்தையும் பிசின் அடைத்துக்கொள்கிறது. கல் போலத் தண்ணீரில் இறங்கிவிடும்.

சோதனைக்கு 1 செ.மீ. சதுரத்தில் 20 செ.மீ. நீளமாக, முழுக்க ஒரே கனத்தில் சீவிய குச்சி வேண்டும். இரண்டு செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழ் முனையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள், இல்லாவிட்டால் வெட்டு முனை வழியாகத் தண்ணீர் ஏறிக் கணக்கைக் கெடுக்கும். குச்சி சாய இடமில்லாத, ஒடுக்கமான உயரக் குவளையில் தண்ணீர் நிரப்பி நேராக விடுங்கள். 13 செ.மீ. வரை மூழ்கினால் 13-ஐ 20-ஆல் வகுக்க 0.65 வரும். அதுதான் அடர்த்தி. அரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

பச்சை மரத்தில் இதைச் செய்யாதீர்கள். செல்களில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது சாதாரண மரம்கூட மூழ்கும். நிழலில் பல மாதம் காய்ந்த துண்டுதான் உண்மையைச் சொல்லும்.

பழைய கப்பல்களில் சுழலியின் (புரொப்பல்லர்) தண்டைத் தாங்கும் புஷ், அதாவது தண்டு சுற்றும் உறை, மரத்தால் ஆனது என்று மூத்த ஃபிட்டர்கள் சொல்கிறார்கள். இரும்புத் தண்டு சுற்றும் இடத்தில் மரம் எப்படித் தாக்குப்பிடித்தது?
(கப்பல் பழுதுபார்க்கும் தொழிலாளி, தூத்துக்குடி)

அவர்கள் சொல்வது லிக்னம் விட்டே. ஜமைக்காவின் தேசிய மலர் இந்த மரத்தில்தான் பூக்கிறது, நீல நிறத்தில். மிக மெதுவாக வளரும் மரம். கட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பிசினாகவே இருக்கும்.

நீராவிக் கப்பல்கள் வந்த புதிதில், தண்டு கப்பலைவிட்டு வெளியே போகும் பின்பக்கக் குழாயில் பித்தளைப் புஷ் வைத்துப் பார்த்தார்கள். சீக்கிரமே தேய்ந்து, தண்டு ஆட ஆரம்பித்து, கப்பலுக்குள் தண்ணீர் வந்தது. 1854-ல் இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் பென் அந்த இடத்தில் லிக்னம் விட்டே பட்டைகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தண்டின் மேல் வெண்கல உறை, அதைச் சுற்றி வரிசையாக மரப் பட்டைகள், இடையே நீளவாக்கில் பள்ளங்கள், பள்ளங்கள் வழியாகக் கடல்நீர். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகும், மரத்தின் பிசின் உராய்வைக் குறைக்கும். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் 1954-ல் கடலில் இறங்கியபோதுகூட அதன் தண்டைத் தாங்கிய பேரிங்குகளில் இந்த மரம் இருந்தது.

பட்டைகளை அடுக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. பாரம் முழுக்க இறங்குவது கீழ்ப் பாதியில். அங்கே மரத்தின் வெட்டு முனை தண்டைப் பார்த்து நிற்கும்படி வைப்பார்கள், அப்போதுதான் தேய்மானம் குறையும். மேல் பாதியில் நீளவாக்கு நாரிலேயே பட்டை இருந்தால் போதும். அது மரத்தை மிச்சம் பிடிக்கும்.

கெட்டுப்போவது இரண்டு வழியில். ஒன்று, மரம் உலர்ந்துபோவது. மாற்றுவதற்காக வைத்திருக்கும் பட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில்தான் போட்டு வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் வெடிக்கும். காய்ந்த மரத்தை அளவெடுத்துப் பொருத்தினால் தண்ணீரில் ஊறி உப்பித் தண்டைக் கவ்விக்கொள்ளும். இரண்டாவது எதிரி மணல். ஆற்று முகத்துவாரத்திலும் சேற்று நீரிலும் ஓடும் கப்பல்களில் பட்டை வேகமாகத் தேயும். பிறகு ரப்பரும் செயற்கைப் பொருள்களும் வந்தன. நல்ல பருமனுள்ள மரம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. இன்று இந்த இனம் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பிசின் மருத்துவமனைக்கும் போனது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் அட்டையில் தடவியிருப்பது இதுதான். மேலே ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும், ரத்தம் இருந்தால் நீலமாகும்.

ஊதா நிற மரத்தில் செய்த நகைப் பெட்டி ஒன்று வாங்கினேன். இரண்டு வருடத்தில் பழுப்பாகிவிட்டது. சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகி, புதுச்சேரி)

ஏமாற்றியதாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்வது பர்ப்பிள்ஹார்ட் மரம் போலிருக்கிறது. அமேசான் காடுகளிலும் கயானா, சூரினாம் பக்கமும் வளரும் பெல்டோஜைன் இனம். அறுத்த உடனே பார்த்தால் மங்கலான பழுப்புதான். காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில நாளில் ஊதாவாகும். அதே வெளிச்சம், குறிப்பாக வெயிலின் புற ஊதாக் கதிர், வருடக் கணக்கில் பட்டால் மறுபடி பழுப்பாக்கும்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பக்கங்களில் உள்ள பல கேள்விகளுக்கு அதுவே பதில். மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளைக் கட்டை தண்ணீர் கடத்தும், உயிருள்ள செல்களும் அதில் இருக்கும். உள்ளே உள்ளே போகப் போக அந்தச் செல்கள் சாகும். சாகும் முன் பலவித வேதிப் பொருள்களைச் சுரந்து சுற்றிலும் நிரப்பிவிட்டுப் போகும். அதன் பிறகு அந்தப் பகுதி வைரம். பூஞ்சையும் பூச்சியும் உள்ளே வராமல் இருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. நாம் காசு கொடுத்து வாங்கும் நிறம், மணம், வழுவழுப்பு எல்லாம் அந்தச் சரக்குதான். தச்சர் கையில் அரிப்பை உண்டாக்குவதும் அதுவே.

பெட்டியை மீட்க முடியும். பழைய பாலீஷைச் சுரண்டி எடுத்து, 120, 180, 240 எண் உப்புத்தாளை வரிசையாகப் போடுங்கள். நிறம் மாறியது மேற்பரப்பில் மெல்லிய அடுக்குதான். தேய்த்த கையோடு பாலீஷ் போடாதீர்கள். நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் ஒரு வாரம் வைத்து ஊதா ஏறிய பிறகு, புற ஊதாவைத் தடுக்கும் நிறமற்ற வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். அதன் பிறகும் ஜன்னலோரம் வேண்டாம். மாற்றத்தை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

படாக் மரத்தின் செம்மஞ்சளும் இதே போலப் பழுப்பாகும். அதில் இன்னொரு தொல்லை. அதன் சிவப்பு ஸ்பிரிட்டில் கரையும். வெளிர் மரமும் படாக்கும் சேர்த்துப் பதித்த வேலையில் ஸ்பிரிட் கலந்த பாலீஷைத் துணியால் தேய்த்தால் சிவப்பு இழுபட்டு வெள்ளைப் பகுதியெல்லாம் ரோஸாகிவிடும். முதல் பூச்சைத் தண்ணீரில் கரையும் வார்னிஷாகத் தெளித்து மூடிவிட்டால் தப்பிக்கலாம். நம் செம்மரமும் படாக்கும் ஒரே டெரோகார்பஸ் இனம். செம்மரத்தின் நிறமும் பச்சைத் தண்ணீரில் அநேகமாக இறங்காது, ஸ்பிரிட்டில்தான் இறங்கும். செம்மரம் என்று கொடுத்த துண்டு குளிர்ந்த நீரிலேயே உடனே சிவப்பை விட்டால் அது சாயமாக இருக்கலாம், இல்லை சிவப்புச் சாயம் இறங்கும் பதிமுக மரமாக இருக்கலாம்.

கருங்காலி மாலை என்று தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். உண்மையான கருங்காலியை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் மூழ்கினால் அசல் என்பது சரியா?
(திருப்பூர், மதுரை, ஈரோடு வாசகர்கள்)

மூழ்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கறுப்புக் கருங்காலி, அதாவது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் டயோஸ்பைரோஸ் எபெனம், தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே இருக்கும். ஒரே மரத்தில் ஒரு மணி மூழ்கும், இன்னொன்று மிதக்கும். தவிர, சித்த மருந்துக் கடையில் கருங்காலிக் கட்டை என்று தருவது வேறு மரம், காசுக்கட்டி எடுக்கும் வேலமர வகை. அதன் வைரம் செம்பழுப்பு. மையாகக் கறுத்த மணியை அந்த மரம் என்று சொல்லி விற்றால் அது சாயம் போட்டதுதான்.

இரண்டு சோதனை போதும். வெள்ளைப் பஞ்சில் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை நனைத்து மணியை அழுத்தித் துடையுங்கள். கன்னங்கரேலென்று பஞ்சு நிறைய ஏறினால் சாயம். இயற்கைக் கருங்காலியும் லேசாகப் பழுப்புக் கறை விடலாம், அது வேறு. அடுத்து, கயிறு போகும் துளையின் உள்விளிம்பை ஊசியால் சுரண்டுங்கள். சாயம் ஆழமாக இறங்காத மணியில் அங்கே வெளிர் மரம் தெரியும். அசலில் உள்ளேயும் அதே கறுப்பு.

கறுப்பு வைரம் எல்லா மரத்திலும் முழுக்கக் கறுப்பாக இருப்பதில்லை. மரத்தைச் சாய்த்து அறுத்துப் பார்க்கும் வரை வெளியே தெரியாது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் கருங்காலியான எபோனியில் பெரும்பாலான மரங்களில் பழுப்பும் சாம்பலும் கலந்த கோடுகள் ஓடும். கிட்டார் விரல் பலகைக்குத் தூய கறுப்புதான் வேண்டும் என்று உலகம் கேட்டதால், கேமரூனில் மரத்தை வெட்டி உள்ளே கோடு தெரிந்தால் காட்டிலேயே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். 2011-ல் அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் நிறுவனம் அங்குள்ள ஓர் அறுவை ஆலையில் பங்கு வாங்கியபோது, ஒரு கறுப்பு மரத்துக்காகப் பத்து மரம் சாய்வதாகத் தெரிந்தது. அதன் பிறகு கோடு போட்ட எபோனியையும் தன் கிட்டார்களில் வைக்க ஆரம்பித்தது. கோடு இருந்தால் சத்தம் குறையாது. வாங்குபவர்கள் கறுப்பின் மேல் வைத்த பிடிவாதம்தான் அத்தனை மரத்தைச் சாய்த்தது. இது மாலை வாங்குபவர்களுக்கும் பொருந்தும்.

கோகோபோலோ, ரோஸ்வுட் துண்டுகளில் பேனாவும் கத்திப் பிடியும் கடைகிறேன். ஒட்டினது சில மாதத்தில் விட்டுப்போகிறது. சமீபமாக முன்கையிலும் கழுத்திலும் தடிப்பும் வருகிறது. இரண்டு வருடமாக இதே மரத்தில்தான் வேலை செய்கிறேன், முன்பு ஒன்றும் இல்லை.
(மரக்கடைசல் தொழிலாளி, நாகர்கோவில்)

தடிப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஒட்டு அப்புறம். மெக்சிகோ முதல் பனாமா வரை பசிபிக் கரையோரம் வளரும் கோகோபோலோவின் வைரத்தில் குயினோன் வகைப் பொருள்கள் உண்டு. இவை உடம்பைப் பழக்குவதில்லை, உசுப்பிவிடுகின்றன. முதல் வருடம் ஒன்றும் தெரியாது. ஒருமுறை உடம்பு அதை எதிரி என்று முடிவு செய்துவிட்டால், அதன் பிறகு சிறு தூசுக்கும் தடிப்பு வரும், ஒவ்வொரு முறையும் கூடும். போகப் போகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. உங்கள் உடம்பு அந்த முடிவுக்கு வந்துவிட்டதாகவே தெரிகிறது. கோகோபோலோவை இப்போதே நிறுத்துங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். ரோஸ்வுட்டும் அதே டால்பெர்ஜியா இனம் என்பதால் அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தேக்கிலும் குயினோன்கள் உண்டு, தேக்குத் தூசில் அரிப்பு வரும் தச்சர்கள் நிறைய இருக்கிறார்கள். வட அமெரிக்க மேற்குச் செவ்வகில் மரத்தின் தூசு, தோலைவிட மூச்சைப் பிடிக்கும். அதிலுள்ள பிளிகாட்டிக் அமிலத்தால் வரும் ஆஸ்துமா மரத் தொழிலில் பெயர்பெற்ற நோய்.

தடிப்பு வராதவர்களும் தூசை அலட்சியம் செய்யக் கூடாது. மரத் தூசு மூக்குப் பகுதியில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. துணி கட்டினால் போதாது, முகத்தில் இறுக்கமாகப் படியும் என்-95 முகமூடி வேண்டும். வேலை முடிந்து கம்ப்ரசர் காற்றால் உடம்பைத் தட்டும் பழக்கம் மிக மோசம். நுண் தூசு மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். ஈரத் துணியால் துடையுங்கள், முழுக்கைச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வியர்வை நேரத்தில்தான் தூசின் பொருள்கள் தோலில் அதிகம் இறங்கும், அதனால் முன்கையையும் கழுத்தையும் வேலைக்கு நடுவிலும் கழுவ வேண்டும். இந்த மரத் தூளை அடுப்பில் எரிக்காதீர்கள், கரண்டியோ கிண்ணமோ செய்யாதீர்கள்.

ஒட்டு விடுவதற்குக் காரணம் எண்ணெய். இழைத்து ஒரு நாள் விட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மேலே கசிந்து படலமாகிவிடும், பசை மரத்தைத் தொடாமல் அந்தப் படலத்தின் மேல் உட்காரும். ஒட்டப்போகும் நேரத்தில் 120 எண் தாளால் தேயுங்கள். அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் நிறம் ஏறுவது குறையும் வரை துடையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, கால் மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி வேண்டாம். மெதுவாக இறுகும் வகை மரத்துக்குள் கொஞ்சம் இறங்கிப் பிடிக்கும். கிளாம்பை ரொம்ப முறுக்கினால் எபாக்சி முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், அளவாகப் போதும். பேனாவின் பித்தளைக் குழாயையும் 220 எண் தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்துவிட்டே நுழையுங்கள்.

துளை போடும்போது விரிசல் விட்டால் காரணம் சூடு. வேகத்தைக் குறைத்து, ஒரு செ.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். துண்டை இரண்டு செ.மீ. கூடுதல் நீளமாக வைத்துத் துளைத்துவிட்டு நுனியை அறுத்தால், வெடிப்பு வந்தாலும் கழிவுப் பகுதியோடு போய்விடும்.

பால்சா கட்டையை நகத்தால் கீறினாலே பள்ளம் விழுகிறது. அதை வன்மரம் என்று பாடத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் மாதிரி விமானத்துக்கு எந்தத் தகட்டை எடுப்பது என்றும் சொல்லுங்கள்.
(பொறியியல் மாணவர்கள், கோவை)

அகன்ற இலையும் பூவும் உள்ள மரங்களை வன்மரம் என்றும், பைன் போன்ற ஊசியிலை மரங்களை மென்மரம் என்றும் தாவரவியல் பிரிக்கிறது. கெட்டித்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பால்சா இலவமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. பூ இரவில் விரியும், வௌவால்கள் தேடி வரும். ஆறு முதல் பத்து வருடத்துக்குள் வெட்டிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கட்டை கனத்து, நடுப்பகுதி கெட ஆரம்பிக்கும். பச்சையாக வெட்டும்போது உலர் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் இருக்கும். தாமதிக்காமல் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

தகட்டை எடைபோட்டு வாங்குங்கள். 2 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள தகடு 200 கன செ.மீ. அது 24 கிராம் இருந்தால் அடர்த்தி 0.12, 40 கிராம் இருந்தால் 0.2. இறக்கையின் விலா எலும்புகளுக்கு முதல் வகை, பாரம் தாங்கும் நீளக் குச்சிகளுக்கு இரண்டாவது. நாரின் போக்கையும் பாருங்கள். நீளக் கோடுகள் மட்டும் தெரிந்து, அகலவாக்கில் எளிதில் வளையும் தகடு 'ஏ' வகை. உடற்பகுதியைச் சுற்றி வளைத்து ஒட்ட அது ஏற்றது. குறுக்கே பளபளக்கும் சிறு புள்ளிகள் நிறைந்து விறைப்பாக நிற்பது 'சி' வகை. விலா எலும்புக்கும் வால் பகுதிக்கும் அதுதான், ஆனால் வளைத்தால் பிளந்துவிடும். 'பி' இரண்டுக்கும் நடுவில். புது பிளேடால் இரண்டு மூன்று முறை லேசாகக் கீறி வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு பால்சாவை வெட்டாது, நசுக்கும்.

இன்று பால்சா அதிகம் போவது காற்றாலை இறக்கைகளின் உட்பகுதிக்கு. 2019, 2020-ல் அந்தத் தேவை திடீரென்று ஏறியபோது ஈக்வடாரின் அமேசான் பழங்குடிகளின் நிலங்களுக்குள் புகுந்து ஆற்றோரப் பால்சாவைச் சட்டவிரோதமாக வெட்டினார்கள். மரம் பத்து வருடத்தில் திரும்ப வளரும் என்பது அதை நியாயமாக்காது.

ஒரு ஏக்கரில் அகில் நட்டால் எட்டாவது வருடம் கோடிக்கணக்கில் கிடைக்கும் என்று நாற்று விற்க வருகிறார்கள். நம்பலாமா?
(விவசாயி, தென்காசி)

அவர்கள் காட்டும் விலைப்பட்டியல் முதல் தரக் கட்டைக்கு. உங்கள் தோட்டத்தில் என்ன வரும் என்பதே கேள்வி. நல்ல ஆரோக்கியமான அகில் மரத்தின் கட்டை வெளுப்பாக, லேசாக, மணமே இல்லாமல் இருக்கும். விலையும் இல்லை. மரத்தில் காயம் பட்டு, பூஞ்சை தொற்றி, அதை எதிர்த்து மரம் பிசின் சுரந்தால்தான் அந்த இடம் கறுத்து அகிலாகும். அசாமில் ஒரு வகைத் துளைப்புழு தண்டைக் குடைவதால் இது தானாகவே நடக்கிறது. மற்ற இடங்களில் ஐந்தாறு வருடம் வளர்ந்த மரத்தின் தண்டில் துளைகள் போட்டுப் பூஞ்சைக் கரைசல் செலுத்த வேண்டும். பிறகு ஓரிரு வருடமாவது காத்திருக்க வேண்டும். பலன் மரத்துக்கு மரம் மாறும், சில மரம் பட்டுப்போகும். தோட்ட மரத்தில் பெரும்பகுதி எண்ணெய் வடிக்கத்தான் போகிறது.

இந்த மரத்துக்கு மழையும் ஈரக் காற்றும் வேண்டும், இளம் நாற்றுக்கு நிழல் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. மலையடிவாரத்தில் பாக்குத் தோப்புக்குள் ஊடுபயிராக என்றால் யோசிக்கலாம். வெட்டவெளிக் கரிசலில் வேண்டாம். இலையைக் கூட்டமாக வந்து மொட்டையடிக்கும் புழுவும் இதற்கு உண்டு.

பணம் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: பூஞ்சை செலுத்துவது யார், ஒரு மரத்துக்கு என்ன செலவு, பட்டுப்போனால் யார் பொறுப்பு, திரும்ப வாங்கும்போது தரத்தை யார் முடிவு செய்வது. நாற்று வாங்கிய ரசீதையும் நட்ட விவரத்தையும் பத்திரமாக வையுங்கள். அகில் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், பயிரிட்டதுதான் என்று காட்டாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் முறை என்றால் வரப்போரம் இருபது மரம் வைத்துப் பார்ப்பதே சரி.

வேங்கை மரக் குவளையில் தண்ணீர் வைத்தால் நீலமாகத் தெரிகிறது. எதனால்?
(வாசகர், சேலம்)

அது ஒளிர்வு. மரத்திலிருந்து இறங்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை உறிஞ்சி நீல வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது. இதே குணமுள்ள மெக்சிகோ மரம் ஒன்றைப் பற்றி 1565-ல் ஸ்பெயின் மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் எழுதினார். ஒளிர்வு பற்றிய மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. பிலிப்பைன்ஸிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன இப்படிப்பட்ட கிண்ணங்கள் வேங்கையின் நெருங்கிய உறவான நர்ரா மரத்தில் கடைந்தவை. புளிப்பு சேர்த்தால் நீலம் மறையும், காரம் சேர்த்தால் திரும்பும் என்று 1664-ல் ராபர்ட் பாயில் காட்டினார்.

நீங்களும் செய்யலாம். இரண்டு தேக்கரண்டி வேங்கைச் சீவலை ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டுங்கள். நிறம் கெட்டியாக இருந்தால் நீலம் தெரியாது, தண்ணீர் சேர்த்து இளம் மஞ்சளாக்குங்கள். பின்னால் கறுப்புத் துணி வைத்து வெயிலில் பக்கவாட்டில் பாருங்கள். எலுமிச்சைச் சாறு சில சொட்டு, பிறகு சுண்ணாம்புத் தெளிவு.

சர்க்கரை நோய்க்கு இந்தக் குவளைத் தண்ணீரை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். குவளையிலிருந்து இறங்கும் சத்து நாளுக்கு நாள் குறையும், எவ்வளவு இறங்குகிறது என்று அளவும் கிடையாது.

மகனுக்கு மரக் கிளாரினெட் வாங்கினோம். மூன்று மாதத்தில் மேல்பாகத்தில் விரிசல். நாதஸ்வரம் இப்படி வெடிப்பதில்லையே?
(வாசகர், தஞ்சாவூர்)

கிளாரினெட் செய்வது தான்சானியா, மொசாம்பிக் பக்கம் கிடைக்கும் ஆப்பிரிக்கக் கருமரத்தில். நெருக்கமான கட்டை, அதனால் தண்ணீர் உள்ளே போவது மெதுவாகவே நடக்கும். அங்கேதான் சிக்கல். ஊதும்போது மூச்சின் ஈரமும் சூடும் பட்டு உட்சுவர் விரியும், வெளிச்சுவர் காய்ந்தபடியே நிற்கும். இரண்டும் இழுத்துக்கொண்டு, சாவித் துளைகள் நெருங்கியிருக்கும் மேல்பாகத்தில் பிளக்கும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைய எடுக்கும் ஆச்சா மரம் பழைய வீடுகளின் தூண், உத்தரம் என்று பல பத்தாண்டு காய்ந்தது. அந்தப் பக்குவம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

விரிசலைப் பசை போட்டு நீங்களே மூடாதீர்கள். பழுதுபார்ப்பவர் கருமரத் தூளோடு பசை சேர்த்து அடைப்பார், நீளமான விரிசலுக்குக் குறுக்கே ஆணி இறக்குவார். சரியாகச் செய்தால் நாதம் கெடாது. இனிப் புதுக் கருவியை முதல் இரண்டு வாரம் நாளுக்குக் கால் மணி நேரம் மட்டும் ஊதட்டும். பிறகு வாரம் வாரம் கொஞ்சம் கூட்டலாம். ஊதி முடித்ததும் உட்துளையைத் துணி இழுத்துத் துடைத்து, பாகங்களைப் பிரித்து, இணைப்பு முனைகளின் ஈரத்தையும் ஒற்றி வைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்து உடனே ஊதுவதும், காருக்குள் வெயிலில் விடுவதும் கூடாது.

தில்லை மரப் பால் கண்ணைக் குருடாக்கும் என்பது உண்மையா? இதைவிடக் கொடிய மரம் உண்டா?
(வாசகி, சிதம்பரம்)

உண்மைதான். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நிற்கும் தில்லையின் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும், கண்ணில் பட்டால் சில நாள் பார்வையே தெரியாமல் போகலாம். பட்டுவிட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரை இமை திறந்து கால் மணி நேரமாவது ஓடவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடும் வழக்கம் வேண்டாம். கட்டை மென்மையானது. வங்கதேசத்தின் குல்னாவில் செய்தித்தாள் காகித ஆலை பல பத்தாண்டுகள் சுந்தரவனத்துத் தில்லையில்தான் ஓடியது.

தில்லையின் குடும்பத்திலேயே கரீபியன் கரையோர மஞ்சினீல் இன்னும் கொடியது. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் நீரிலேயே தோல் வெந்துபோகும். ஆப்பிள் போன்ற பழம் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், எரித்தால் புகை கண்ணைத் தாக்கும். அப்படியும் அதில் மேசை நாற்காலி செய்திருக்கிறார்கள். வெட்டும் முன் அடிமரத்தைச் சுற்றித் தீ மூட்டிப் பாலை வற்றவிட்டு, பலகையை வெயிலில் நன்றாக உலர்த்தினால் நஞ்சு அடங்கும்.

ராமநாதபுரம் பக்கமும் மன்னாரிலும் பெருக்க மரங்கள் யானை பருமனில் நிற்கின்றன. கட்டை எதற்காவது ஆகுமா?
(வாசகர், ராமேஸ்வரம்)

ஆகாது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த மரத்தின் பச்சைக் கட்டையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். விழுந்தால் சில வருடத்தில் நார்க் குவியலாகிவிடும். பட்டையில் கயிறு திரிப்பார்கள், உரித்த இடத்தில் பட்டை மறுபடி வளரும். காயின் புளிப்புச் சதை சாப்பிடலாம். வளர்க்க விரும்பினால் விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் வெள்ளை தெரியும் வரை தேய்த்து, சுடுநீரில் போட்டு ஆறவிட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். மணல் கலந்த மண்ணில் இரண்டு செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். தேய்க்காத விதை மாதக் கணக்கில் முளைக்காமல் கிடக்கும். முதல் வருடம் ஆடு மாடு கடிக்காமல் வேலி போடுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நடுங்கள்.